சட்டையில் ஒரு கொடி, காலில் இன்னொரு ஊர்

2009-ஆம் ஆண்டு, ஆம்ஸ்டர்டாம். பெண்கள் உலக ஓபன் ஸ்குவாஷ் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் மலேசியாவின் நிக்கோல் டேவிட். பிறந்தது பினாங்கில் என்றாலும் 2003 முதல் அவர் குடியிருந்ததும் பயிற்சி எடுத்ததும் அதே ஆம்ஸ்டர்டாமில். அவருக்குப் பயிற்சி கொடுத்த லிஸ் இர்விங் ஆஸ்திரேலியர். மறுபக்கம் நெதர்லாந்தின் நட்டாலி கிரின்ஹாம். அவர் பிறந்து வளர்ந்த ஊர் ஆஸ்திரேலியாவின் டூவூம்பா. முதல் கேமை நட்டாலி சுலபமாக எடுத்தார். அடுத்த மூன்றையும் நிக்கோல் எடுத்துத் தன் நான்காவது உலகப் பட்டத்தை வென்றார்.

இந்த ஆட்டத்தில் உள்ளூர்க்காரர் யார்?

நட்டாலியின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் சிக்கல் இன்னும் கூடும். 2006-இல் பெல்ஃபாஸ்ட்டில் நடந்த உலக ஓபன் இறுதியிலும் இதே இருவர்தான் மோதினார்கள். அப்போது நட்டாலியின் பெயருக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியா என்று இருந்தது. அதே ஆண்டு மெல்பர்ன் காமன்வெல்த் விளையாட்டுகளில் சொந்த மண்ணில் மூன்று தங்கம் வாங்கியிருந்தார். 2007-இல் மாட்ரிட்டில் சொந்த அக்கா ரேச்சலிடமே உலக இறுதியில் தோற்றார். பிறகு டச்சுக்காரரை மணந்து நெதர்லாந்துக்கு ஆடத் தொடங்கினார். ஆக, ஒரே எதிராளியிடம் இரண்டு கொடிகளின் கீழ் உலக இறுதியில் தோற்றவர் அவர். இப்படியொரு வாழ்க்கையைப் பதக்கப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ரசிக்க முடியாது.

சிங்கப்பூரில், அதிலும் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் புழங்குகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. கடவுச்சீட்டு ஒரு நாடு, பாட்டி வீடு இன்னொரு நாடு, பிள்ளைகள் படிக்கப் போனது மூன்றாவது நாடு என்று இருக்கும் குடும்பங்கள் தேக்காவில் ஒரே வரிசையில் நின்று காய்கறி வாங்குகின்றன. அப்படிப்பட்ட ரசிகர்களுக்கு ஸ்குவாஷ் மிக நெருக்கமாக இருந்திருக்க வேண்டிய விளையாட்டு. ஆனால் நம்மவர்கள் கிரிக்கெட்டுக்கும் காற்பந்துக்கும் கொடுத்த நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அதற்குக் கொடுக்கவில்லை. 1980, 90-களில் கட்டிய பல காண்டோக்களில் ஒரு ஸ்குவாஷ் கோர்ட் இருக்கும். அதில் பழைய நாற்காலிகள் அடுக்கியிருப்பதையோ பிள்ளைகள் பந்து உதைப்பதையோதான் பெரும்பாலும் பார்க்க முடிகிறது.

முதலில் ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். விதிகள் குறைவு. 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம் உள்ள அறை. முன் சுவரின் அடியில் ஒரு தகரப் பட்டை. தொழில்முறைப் போட்டிகளில் அதன் உயரம் 43 சென்டிமீட்டர். அதில் பந்து பட்டால் புள்ளி போச்சு. ஒரு கேமுக்கு 11 புள்ளி, ஐந்தில் மூன்று கேம் எடுத்தவர் வெற்றியாளர். தரையில் சிவப்புக் கோடுகள் சந்திக்கும் இடத்தை எல்லோரும் ‘டி’ என்பார்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள் பந்தையே துரத்திப் பத்து நிமிடத்தில் களைத்துவிடுகிறார்கள். பந்தை விட்டுவிட்டு ‘டி’யைப் பார்த்தால் ஆட்டம் பிடிபடும். அந்த இடத்தில் அடிக்கடி நிற்பவர் எதிராளியை ஓடவிடுகிறார். அதற்குத் திரும்பிவர முடியாமல் தவிப்பவர் ஓடுகிறார். புள்ளிப்பலகை வேறு கணக்குச் சொன்னாலும், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் அது இந்தக் கணக்குக்கு வந்துவிடும்.

இரண்டாவதாகப் பந்தின் சூடு. உள்ளீடற்ற சிறு ரப்பர் பந்து அது. அடிக்க அடிக்கச் சூடாகி, சூடாகச் சூடாகத் துள்ளும். அதனால்தான் ஆட்டத்துக்கு முன் இருவரும் ஏதோ சமாதானமாகப் போவதுபோல மாறிமாறி அடித்துக்கொண்டிருக்கிறார்கள். வெக்கையான கூடத்தில் பந்து எழும்பி வரும், ‘ராலி’ (ஒரு புள்ளிக்காக இருவரும் மாறிமாறி அடிப்பது) நீளும். குளிரூட்டிய கண்ணாடிக் கோர்ட்டில் முன் சுவரோரம் மெல்ல வைக்கும் ‘டிராப்’ அங்கேயே செத்துவிழும். எந்தத் தட்பவெப்பத்தில் ஒருவர் சிறுவயதில் ஆடினாரோ அந்தப் பழக்கம் கையில் தங்கிவிடும்.

இதுதான் விஷயத்தின் மையம். ஸ்டார்லைட் ரோட்டில் சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தில் கச்சேரி கேட்கிற பழுத்த ரசிகர், ஆலாபனை ஆரம்பித்த சற்று நேரத்திலேயே இது இன்னாருடைய பாணி என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிவிடுவார். பாடகர் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பது அவருக்குப் பொருட்டில்லை. ஸ்குவாஷையும் அப்படிப் பார்க்கலாம். சட்டையில் இருக்கும் கொடி எந்தச் சங்கம் பெயர் கொடுத்தது என்பதைச் சொல்கிறது. எந்த ஊர் அவரை ஆளாக்கியது என்பது காலிலும் மணிக்கட்டிலும் தெரியும். இரண்டும் வேறு வேறாக இருக்கும் ஆட்டக்காரர்தான் பார்க்க மிகச் சுவையானவர்.

அதற்கு இன்று கிடைக்கும் மிகச் சிறந்த பாடம் முகமது எல்ஷொர்பாகி. 1991-இல் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவில் பிறந்தவர். 15 வயதில் இங்கிலாந்தின் மில்ஃபீல்டு பள்ளிக்குப் போனார். அங்கே அவரைப் பிடித்துக்கொண்டவர் ஜோனா பேரிங்டன். 1967-க்கும் 1973-க்கும் இடையில் ஆறு முறை பிரிட்டிஷ் ஓபன் வென்றவர், உடலை வருத்திப் பயிற்சி செய்வதையே ஒரு மதமாக்கியவர். எகிப்திலிருந்து வருகிறவர்கள் பொதுவாக முந்தித் தாக்குவார்கள். ராலி நீளும்வரை காத்திருக்க மாட்டார்கள், பந்து மூலைக்குப் போகும் முன்பே மறித்து அடிப்பார்கள், மட்டையைக் கடைசி நொடி வரை மறைப்பார்கள். இங்கிலாந்துப் பள்ளியோ சுவரை ஒட்டி நேராக, நீளமாக, சலிக்காமல் அடிக்கச் சொல்லும். இந்த இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும்? ‘அலெக்ஸாண்ட்ரியாவின் மிருகம்’ என்று பட்டப்பெயர் வந்தது. 2014-இல் உலகத் தரவரிசையில் முதலிடம். அதே ஆண்டு தோஹாவில் உலக இறுதியில், வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, சக எகிப்தியர் ரமி ஆஷூரிடம் ஐந்தாவது கேமில் தோல்வி. 2017-இல் மான்செஸ்டரில் தம்பி மர்வானை ஐந்து கேம்களில் வென்று உலகப் பட்டம். வென்றவரும் தோற்றவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதால் அன்று மேடையில் மகிழ்ச்சியும் சங்கடமும் சேர்ந்தே நின்றன.

2022 ஜூனில் அவர் இங்கிலாந்துக்கு மாறினார். தம்பியும் பின்னால் வந்தார். எகிப்தில் சிலருக்கு வருத்தம், இங்கிலாந்தில் சிலருக்குச் சந்தேகம். அந்தச் சர்ச்சைக்குள் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி. அதைவிடச் சுவையான வேலை ஒன்று இருக்கிறது. எல்ஷொர்பாகி பிரிட்டிஷ் ஓபனை 2015, 2016, 2019 ஆண்டுகளில் எகிப்தியராக வென்றார். 2025-இல், 34 வயதில், பர்மிங்காமில் எகிப்தின் முஸ்தஃபா அசலை இறுதியில் வீழ்த்தி அதே கோப்பையை இங்கிலாந்துக்காரராக வென்றார். இந்த இறுதி ஆட்டங்களின் காட்சிகளை அடுத்தடுத்துப் பாருங்கள். பழைய ஆட்டங்கள் பல யூடியூபில் கிடைக்கின்றன. இளவயதில் அவர் பந்தை உடைத்துவிடுவதுபோல அடிப்பார். பத்தாண்டு கழித்து அதே வேகத்தை எங்கே சேமிக்கிறார், எப்போது மட்டும் செலவழிக்கிறார் என்று பார்க்க வேண்டும். கொடி மாறிய 2022-இல் அவருடைய ஆட்டத்தில் எந்த முறிவும் தெரியாது. மாற்றம் வயதால் வந்தது. இங்கிலாந்து அவர் காலுக்குள் வந்தது 15 வயதிலேயே.

ஒன்று சொல்லிவிட வேண்டும்: நாட்டுக்கு ஒரு பாணி என்பது முதல் படிக்கு மட்டுமே உதவும். அதற்கு மேல் ஒவ்வொருவரும் தனி ஆள்.

நிக்கோலையே எடுத்துக்கொள்வோம். தந்தை இந்திய வம்சாவளி, தாய் சீனர். இந்தப் பக்கத்து ஊர்களில் யாரும் திரும்பிப் பார்க்காத சேர்க்கை. உயரம் குறைவு. 15 வயதில் பாங்காக் ஆசிய விளையாட்டுகளில் தங்கம், 1999-லும் 2001-லும் உலக ஜூனியர் பட்டம். இவ்வளவு இருந்தும், பெரியவர்களின் ஆட்டத்தில் மேலே போக வேண்டுமானால் பினாங்கை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. லிஸ் இர்விங்கிடம் போன பிறகு அவருடைய ஆட்டத்தில் ஏறியது ‘வாலி’: பந்தைத் தரையில் விழவிடாமல் முன்னேறி மறித்து அடிப்பது. ஓடி எடுக்கும் கால் பினாங்கிலிருந்து வந்தது. ஓட வேண்டிய தேவையையே குறைக்கும் கை ஆம்ஸ்டர்டாமில் வந்தது. 2006-இலிருந்து 2015 வரை ஒன்பது ஆண்டுகள் இடைவிடாமல் உலகின் முதல் இடம், எட்டு உலகப் பட்டங்கள், ஐந்து முறை ஆசிய விளையாட்டுகளில் தனிநபர் தங்கம். இத்தனை காலம் ஐரோப்பாவில் வாழ்ந்தும் அவர் கொடி மாறவில்லை. நட்டாலி மாறினார். இருவரில் யார் செய்தது சரி என்று கேட்பவர்கள் ஸ்குவாஷைப் பார்க்கவில்லை, வேறு எதையோ பார்க்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமான பெயர் சிவசங்கரி சுப்பிரமணியம். 1999-இல் கெடாவில் பிறந்தவர், ஊர் சுங்கை பட்டாணி. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுகளின் இறுதியில் நிக்கோலிடம் தோற்று வெள்ளி வாங்கினார். தங்கமும் வெள்ளியும் மலேசியாவுக்கே. பிறகு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம். அங்கே ஸ்குவாஷ் தனியாள் ஆட்டம் அல்ல: ஒரு கல்லூரிக்கு ஒன்பது பேர், எதிர்க் கல்லூரிக்கு ஒன்பது பேர், தன் ஆட்டம் முடிந்ததும் பக்கத்துக் கோர்ட்டில் நின்று தோழிக்காகத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் சேலத்தில் பிறந்து சென்னையில் தேறிய வேலவன் செந்தில்குமார் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். கெடாவும் சேலமும் அமெரிக்கக் கல்லூரிக் கோர்ட்டுகளில் வந்து சேர்ந்தன.

2022 ஜூனில் சாலை விபத்தில் சிவசங்கரிக்கு முகத்திலும் கழுத்திலும் எலும்பு முறிவு. பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டுகள் கைநழுவின. அடுத்த ஆண்டே ஹாங்சோவில் ஆசிய விளையாட்டுகளின் தங்கம். 2024 வசந்தத்தில் லண்டன் கிளாசிக் இறுதியில் எகிப்தின் ஹனியா எல் ஹம்மாமியை ஐந்து கேம்களில் வென்றார். அந்த ஆட்டத்தை இரண்டு முறை பார்க்கலாம். முதல் முறை புள்ளிக்காக. இரண்டாவது முறை, நான்காவது கேமை மயிரிழையில் இழந்த பிறகு ஐந்தாவதில் அவர் எப்படி நடந்து வருகிறார் என்பதற்காக மட்டும்.

இடைவேளையில் திரையை விட்டு எழுந்துபோய்த் தேநீர் போடுவது நம் பழக்கம். ஸ்குவாஷில் அப்போதுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். கேமுக்குக் கேம் நடுவே ஆட்டக்காரர் கதவுக்கு வெளியே வந்து யாரிடமோ பேசுவார். அந்த ‘யாரோ’ எந்த நாட்டுக்காரர் என்று பார்த்தாலே பாதிக் கதை விளங்கிவிடும். பாகிஸ்தானின் ஜஹாங்கீர் கான் ஐந்தரை ஆண்டுகள் தோல்வியே காணாமல் ஆண்டபோது, அவரை உருவாக்கிய பயிற்சி லண்டனில் உறவினர் ரஹ்மத் கானிடம் நடந்தது. கொல்கத்தாவின் சௌரவ் கோஷல் சென்னை வழியாக இங்கிலாந்தின் லீட்ஸ் பக்கம் போய்த்தான் உலகின் முதல் பத்துக்குள் நுழைந்த முதல் இந்திய ஆண் ஆனார்.

சென்னை வழியாக என்றதும் மேஜர் எஸ்.மணியத்தைச் சொல்லாமல் நகர முடியாது. மலேசிய ராணுவத்தில் இருந்தவர், மலேசிய ஸ்குவாஷ் வளர்ந்த காலத்தில் அங்கே பயிற்சி கொடுத்தவர். பிறகு சென்னை நேரு பார்க்கில் உள்ள இந்திய ஸ்குவாஷ் அகாடமிக்கு வந்து, சைரஸ் போஞ்சாவோடு சேர்ந்து ஒரு தலைமுறையையே தேற்றினார். ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல் எல்லாம் அந்தப் பட்டறை. இதனால் மலேசியாவும் இந்தியாவும் மோதும் ஆட்டங்களுக்குத் தனி ருசி உண்டு. 2018 ஜகார்த்தா அணிப் போட்டியின் அரையிறுதியில் ஜோஷ்னா நிக்கோலையே ஐந்து கேம்களில் வென்றார். 2023-இல் சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலில் கண்ணாடிக் கோர்ட் போட்டு நடத்திய உலகக் கோப்பையில், இந்தியாவை அதன் வீட்டிலேயே அரையிறுதியில் வெளியேற்றியது மலேசியா. அந்த அணியில் டேரன் ராகுல் பிரகாசம் இருந்தார். 2025 டிசம்பரில் அதே மாலில் ஜோஷ்னா, வேலவன், அபய் சிங், அனாஹத் சிங் ஆகியோர் ஹாங்காங்கை வீழ்த்தி இந்தியாவுக்கு முதல் உலகக் கோப்பையை வாங்கித் தந்தார்கள். சிங்கப்பூரில் இருந்து பார்க்கிறவருக்கு யார் பக்கம் கத்துவது என்பது அவரவர் குடும்ப விவகாரம்.

இனி காகித விஷயம். கொடி மாறுவது ஏதோ சட்டை மாற்றுவது என்று நினைப்பவர்கள் நம் சட்டங்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. கையில் இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவர் இந்தியாவுக்காக ஆட முடியாது என்று 2008 டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சு முடிவெடுத்தது. சென்னை விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ், அதுவரை டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு டென்னிஸ் ஆடியவர், அமெரிக்கக் குடியுரிமை காரணமாக அதோடு நின்றுபோனார். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்த ஓர் இளம் ஸ்குவாஷ் ஆட்டக்காரர் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனார். 2010-இல் நீதிமன்றம் அரசின் பக்கமே நின்றது.

சிங்கப்பூர் இன்னும் கறார். இரண்டு குடியுரிமையோடு வளர்ந்த பிள்ளை 21 வயதானதும் ஓராண்டுக்குள் ஒன்றைக் கைவிட்டு உறுதிமொழி எடுக்க வேண்டும். பையன் என்றால் 18 வயதையொட்டி இரண்டு ஆண்டு தேசிய சேவை. நிரந்தரவாசிகளின் பிள்ளைகளுக்கும் உண்டு. ஸ்குவாஷில் ஜூனியர் ஆட்டத்திலிருந்து பெரியவர்கள் ஆட்டத்துக்குத் தாவும் வயது சரியாக அதுதான். தேசிய அணிக்கு ஆடிய விவியன் ரமணன் போன்ற சிங்கப்பூர்க்காரர்களின் பெயரைத் தரவரிசையில் எங்கோ கீழே பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர்கள், அலெக்ஸாண்ட்ரியாவிலோ லண்டனிலோ அந்த வயதுப் பையன் எத்தனை போட்டி ஆடியிருப்பான் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எதிர்ப்பக்கக் கணக்கும் இந்த ஊருக்குத் தெரியும். 2008 பெய்ஜிங்கில் மேசைப்பந்து அணி வெள்ளி வென்றபோது, 1960-க்குப் பிறகு சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. வென்ற மூவரும் சீனாவில் பிறந்தவர்கள். காப்பிக்கடைகளில் அந்த விவாதம் பதக்கத்தைவிட நீண்டநாள் ஓடியது.

ஒலிம்பிக் என்றதும் ஸ்குவாஷ்காரர்களுக்குச் சிங்கப்பூர் மேல் ஒரு பழைய மனக்குறை உண்டு. 2005 ஜூலையில் ராஃபிள்ஸ் சிட்டியில் அனைத்துலக ஒலிம்பிக் குழு கூடி, 2012 விளையாட்டுகளை லண்டனுக்குக் கொடுத்தது. பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் நீக்கப்பட்டன. அந்த இடத்துக்கு ஸ்குவாஷும் கராத்தேயும் முன்மொழியப்பட்டு, தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காமல் இரண்டுமே விழுந்தன. நிக்கோல் உலக முதலிடத்தில் இருந்த காலம் முழுவதும் ஒலிம்பிக் கதவு சாத்தியே கிடந்தது. 2023 அக்டோபரில் அந்தக் குழு மும்பையில் கூடியபோதுதான், 2028 லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஸ்குவாஷ் உள்ளே வந்தது. நிக்கோல் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒலிம்பிக் வந்துவிட்டதால் கொடிக் கணக்கு இனி கூர்மையாகும். ஒரு நாட்டுக்கு ஆடிவிட்டு இன்னொரு நாட்டுக்கு ஒலிம்பிக்கில் ஆட வேண்டுமானால், பொதுவிதிப்படி மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும்; சம்பந்தப்பட்டவர்கள் இசைந்தால் குறைக்கலாம். சாதாரணப் போட்டிகளில் ஆட்டக்காரர் தன் செலவில் தானே பறந்து தன் பரிசுப் பணத்தைத் தானே வாங்கும் தனிமனிதர். கொடி என்பது பெயருக்குப் பக்கத்தில் மூன்று எழுத்து. ஆசிய விளையாட்டுகளிலும் காமன்வெல்த்திலும் உலக அணிப் போட்டிகளிலும் அந்த மூன்று எழுத்து திடீரென்று கனக்கும். ஒரே ஆட்டக்காரரை இரண்டு விதப் போட்டியிலும் பார்த்தால், எதில் கை இறுகுகிறது, எதில் தளர்கிறது என்பது தெரியும். சிலருக்கு நாட்டுக்கு ஆடும்போதுதான் ‘டிராப்’ தகரத்தில் போய் இடிக்கும். சிலருக்கு அப்போதுதான் தரவரிசைக்கு மீறிய கால் வரும்.

பழகிக்கொள்ள நினைப்பவர்கள் 2015 தென்கிழக்காசிய விளையாட்டுகள் நடந்த காலாங் ஸ்குவாஷ் மையத்தில் உள்ளூர்ப் போட்டி ஏதாவது நடக்கும்போது போய் உட்காரலாம். பின்சுவருக்கு நேர் பின்னால், கொஞ்சம் உயரமான வரிசைதான் நல்ல இடம். பக்கவாட்டில் உட்கார்ந்தால் வேகம் தெரியும், நீளம் தெரியாது. முதல் கேம் முழுக்க ஒருவருடைய கால்களை மட்டும், இரண்டாவதில் மட்டையை மட்டும் பார்த்தால் போதும். திரையில் பார்ப்பதென்றால் நேரம்தான் தொல்லை. லண்டனின் இரவு ஆட்டம் நமக்கு விடியற்காலை 3 மணி வாக்கில் வரும், கெய்ரோ ஆட்டம் நள்ளிரவைத் தாண்டும். சென்னை மட்டும் இரண்டரை மணி நேரம்தான் பின்னால். லாஸ் ஏஞ்சலிஸ் கோடையில் நமக்கு 15 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், 2028 ஜூலையில் அங்கே மாலை 6 மணிக்கு ஆரம்பிக்கும் ஆட்டம் இங்கே மறுநாள் காலை 9 மணிக்குத் தெரியும். அதற்குள் ஆட்டக்காரர் பட்டியல் கையில் கிடைத்தால், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் நாட்டின் பெயரோடு பிறந்த ஊர், படித்த ஊர், பயிற்சியாளரின் ஊர் ஆகிய மூன்றையும் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.